அக்காவின் அறையில் இரைச்சல்

1

இந்தக் கதை என்னுடைய தலைவலியில் பிறந்தது. அதை ஒப்புக்கொண்டுவிட்டுத் தொடங்குவதுதான் மரியாதை.

எழுதும் மேசையில் உட்கார்ந்தால் நெற்றிப்பொட்டில் ஒரு குடைச்சல். எழுந்து நடந்தால் போய்விடும். எழுதாமல் இருந்தால் வரவே வராது. (இதிலிருந்து என் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். அதை இங்கே எழுதப்போவதில்லை.) வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத மின்காந்த மாசு இருக்கிறது, அதை அளந்து குறைக்க வேண்டும் என்று யாரோ காணொளியில் பேசியதைக் கேட்டுவிட்டு, அந்த வேலை செய்கிறவர் என்று நண்பர் கொடுத்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

வந்தவர் ஒயரிங் கான்ட்ராக்டர். சட்டைப் பையில் டெஸ்டர், கையில் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு மீட்டர். அதை வைஃபை பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். சார்ஜருக்குப் பக்கத்தில், காலடியில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குப் பக்கத்தில், கட்டிலின் தலைமாட்டுச் சுவரில்.

"பாருங்க. ஒட்டி வச்சா எகிறுது. இப்ப ஒரு எட்டு பின்னால வாங்க. பாதிகூட இல்ல பாத்தீங்களா? இதான் சார் மொத்த வித்தையும். தள்ளி வை, அணைச்சு வை. அவ்வளவுதான்."

"உடம்புக்கு இது கெடுதல்தானா?"

"அதைப் பெரிய படிப்புப் படிச்சவங்க இன்னும் பேசிட்டிருக்காங்க. எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்."

வைஃபை பெட்டியை ஹால் அலமாரிக்கு மாற்றினார். எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுவரோரம் தள்ளினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபிரிட்ஜ் நின்றதால் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "கண்ணாடியை மாத்திப் பாருங்க சார்" என்றார். (மாற்றினேன். தலைவலி போய்விட்டது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

டீ குடிக்கும்போது, இந்த மீட்டர் வேலைக்கு எப்படி வந்தீர்கள் என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். வாய்க்குக் கொண்டுபோன டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க அக்காவாலதான்."

2

தொடக்கத்துக்கு மூன்று முயற்சி செய்தேன்.

"அந்த வீட்டின் சுவர்களுக்குள் ஒரு ரகசியம் ஓடிக்கொண்டிருந்தது." பேய்க்கதை. அடித்துவிட்டேன்.

"மின்சாரமும் நம்பிக்கையைப் போலத்தான், கண்ணுக்குத் தெரியாமல்..." இதை முடிக்கவே இல்லை. எழுதும்போதே வெட்கமாக இருந்தது.

"அக்காவுக்குக் காது கேட்காது." இது இருக்கட்டும். கதை அவளிடமிருந்துதான் தொடங்குகிறது.

3

அக்காவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் ஒரு காய்ச்சல் கொண்டுபோனது போக மிச்சம் கொஞ்சம் இருந்தது. அந்த மிச்சத்தை ஒரு மெஷினை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. அவள் கை பட்ட லென்ஸ் ஆடாது, கழலாது என்று கடையில் பேர். கணவர் இறந்து, மகளும் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு, தனியாக எதற்கு இருக்கிறாய் என்று தம்பிதான் வற்புறுத்தி வீட்டுக்கு அழைத்துவந்தார். அவரே கட்டிய வீடு, அவரே ஒயரிங் செய்த வீடு. மாடிப்படியை ஒட்டி ஓர் அறை காலியாக இருந்தது. ஜன்னல், கட்டில், அலமாரி.

"டிவி ஒண்ணு வாங்கி வைக்கவா? ஆனா உனக்குக் கேக்கவா போகுது?"

"உன் பேச்சைக் கேக்குறதுக்கு அது தேவலாம்டா."

முதல் மாதம் இப்படிச் சிரிப்பாகத்தான் போனது.

அவள் காது மெஷினில் நகக்கண் அளவுக்கு ஒரு பொத்தான் உண்டு. எப்போதும் சுற்றியிருக்கும் சத்தத்தை மெஷின் வாங்கும். போன் வந்தால் பொத்தானை 'டி' என்ற இடத்துக்குத் தள்ளுவாள். அப்போது வெளிச் சத்தமெல்லாம் அடங்கிவிடும். போனுக்குள் இருக்கும் சின்னக் கம்பிச்சுருளிலிருந்து கசியும் காந்த அசைவை மட்டும் மெஷின் பிடித்துக் குரலாக்கித் தரும். சாயங்காலம் வேலை முடிந்து மகள் பேசுவதை அவள் கேட்டது அந்த வழியில்தான். வேறு வழியில் போட்டால் மகள் குரல் பஞ்சுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

ஒருநாள் தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், என் ரூம்ல ஙொய்ங்னு ஒரே இரைச்சல்டா. போன் பேசவே முடியல."

அவர் வந்து அறையின் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "ஒண்ணும் இல்லியேக்கா."

"உனக்குக் கேக்காது. எனக்குத்தான் கேக்குது."

"செவிட்டுக் காதுக்குக் கேக்குறது நல்ல காதுக்குக் கேக்காதா?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். இரைச்சல் மட்டும் போகவில்லை. நாலு நாள் கழித்து மறுபடி வந்தாள். "ஃபிரிட்ஜ் ஓடுறப்ப ஜாஸ்தியாகுதுடா. நின்னா இறங்குது."

"ஃபிரிட்ஜ் சமையக்கட்டுல இருக்கு. நடுவுல ரெண்டு செவுரு இருக்கு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஓடினா ஏறுது."

(இந்த இடத்தில் கதையை நிறுத்தி அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருக்கிறது. ஒயரிங் தெரிந்தவன் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டிய வாக்கியம் அது ஒன்றுதான். அக்கா அதை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் டெஸ்டரை இரண்டு பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்குக்கா, மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.)

அதன்பிறகு அக்கா புகார் சொல்லவில்லை. போன் அடித்தால் எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவாள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இரைச்சல் இல்லை என்று கண்டுபிடித்திருந்தாள். வெயிலில் நின்று பேசினாள். மழை வந்தால் குடையைப் பிடித்துக்கொண்டு, போனைப் பிடித்த கை நனைய, நின்று பேசினாள்.

அவர் மனைவி இதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ள ரூம் இருக்கறப்ப தெருவுல போய் நின்னு பேசுறதுன்னா, நம்மளைப் பத்தித்தானே பேசுறாங்க?"

"அக்கா அப்படிப்பட்டவ இல்ல."

"அப்ப ஏங்க மழையில நிக்கிறாங்க?"

பதில் அவர் கட்டிய சுவருக்குள்ளேயே இருந்தது.

காது கேளாதவர்கள் தங்கள் குரலின் அளவு தெரியாமல் பேசிவிடுவார்கள். ஒருநாள் கேட்டிலிருந்து, "இந்த வீட்டுல என்னால பேசவே முடியலடி!" என்று அக்கா மகளிடம் கத்தியது தெருவுக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு உள்ளே வந்தவளை மனைவி மறித்துக்கொண்டார்.

"அண்ணி, பேச முடியாத அளவுக்கு நாங்க உங்களை என்ன செஞ்சிட்டோம்?"

"ஐயோ, சத்தம்மா. ரூம்ல சத்தம். அதைச் சொன்னேன்."

"என்ன சத்தம்? எங்க யாருக்கும் கேக்காத சத்தம்?"

வேலை முடிந்து, பசியோடு, கையைக்கூடக் கழுவாமல் நின்ற தம்பி அப்போது சொன்னார்: "காதுதான் போச்சுன்னு நெனச்சேன்க்கா. இப்ப இல்லாததெல்லாம் கேக்க ஆரம்பிச்சிருச்சு உனக்கு."

(இதைக் கொஞ்சம் மென்மையாக்கலாமா என்று யோசித்தேன். "களைப்பில்", "தன்னை அறியாமல்" என்று எதையாவது முன்னால் சேர்த்தால் வாசகருக்கு அவர்மேல் கோபம் வராது. அவரே எந்தச் சாக்கும் சொல்லாமல்தான் இதை என்னிடம் சொன்னார். அதனால் விட்டுவிட்டேன்.)

அக்கா மெஷினைக் கழற்றினாள். துடைத்தாள். திரும்ப மாட்டிக்கொண்டாள். "சரிடா" என்றாள். அந்த வார முடிவில், கடைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். தம்பியே பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய் விட்டுவந்தார்.

4

ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. குழந்தை பிறந்த ஒரு வீட்டில், தொட்டிலைச் சுற்றி மின்காந்தம் எவ்வளவு என்று அளந்து சொல்ல வேண்டும் என்றார்கள். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே மீட்டர் வாங்கினார். அளந்தார். தொட்டிலுக்குப் பின்சுவரில் மெயின் போர்டு இருந்ததால் தொட்டிலை எதிர்ப்பக்கம் மாற்றச் சொன்னார். எண் சரசரவென்று இறங்கியது. அந்தத் தாயின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்ததும் இதிலும் ஒரு தொழில் இருக்கிறது என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் விளையாட்டுக் காட்டினார். ஃபிரிட்ஜை ஒட்டிப் பிடித்தால் எண் ஏறியது, ஓர் எட்டு நகர்ந்தால் விழுந்தது. மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி, எல்லாமே அப்படித்தான். பக்கத்தில் போனால் பயமுறுத்தும், விலகினால் அடங்கும்.

அக்காவின் அறைக்குள் சும்மாதான் நுழைந்தார். அங்கே ஓடுகிற பொருள் ஒன்றுகூட இல்லை. எண் ஏறியே இருந்தது. சுவரோரம் பிடித்தார். நடுவில் பிடித்தார். ஜன்னலுக்குப் போனார். கட்டிலில், தலையணை இருந்த இடத்தில் வைத்தார். எத்தனை எட்டு வைத்தும் விழவில்லை.

"ஏம்மா, ஃபிரிட்ஜை அணை" என்று கத்தினார்.

விழுந்தது.

"போடு."

ஏறியது.

மின்சாரம் ஒரு கம்பியில் போய் இன்னொரு கம்பியில் திரும்பி வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஓடினால், ஒன்றின் காந்தத்தை மற்றது அழித்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. போவது ஒரு சுவர் வழியாகவும் வருவது வேறொரு சுவர் வழியாகவும் ஆகிவிட்டால், நடுவில் இருக்கும் அறை முழுக்க அந்த வளையத்துக்குள் மாட்டிக்கொள்ளும். திரும்பிவரும் கம்பியைத் தொழிலில் நியூட்ரல் என்பார்கள். கீழ்வீட்டு நியூட்ரலும் மாடி நியூட்ரலும் தனித்தனியாக ஓட வேண்டியவை. படிக்கு அடியில் ஒயர்கள் சேரும் பெட்டியைத் திறந்தார். அங்கே இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தது. கீழ்வீட்டு மின்சாரத்தில் பாதி மாடி வழியாக ஊரைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. விளக்கு எரியும், விசிறி சுற்றும், எதுவும் புகையாது, எதுவும் அணையாது. இத்தனை வருடமும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

(பெரிய அரங்குகளில், காது மெஷின் போட்டவர்கள் மேடைப்பேச்சை நேராகக் கேட்க வேண்டும் என்று தரையைச் சுற்றி ஒரு கம்பி ஓட்டுவார்கள். மெஷினை 'டி'யில் வைத்தால் பேச்சு காதுக்குள் வந்துவிடும். அதே மாதிரி ஒரு வளையம் அக்காவின் அறையைச் சுற்றியும் தானாக அமைந்துவிட்டது. அதில் வந்த பேச்சுதான் ஙொய்.)

வாசலில் நின்ற மனைவி மீட்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப அண்ணி மழையில நின்னதெல்லாம்..." என்று தொடங்கியவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு கம்பிகளையும் பிரித்து அதனதன் இடத்தில் கட்ட அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மீட்டரில் எண் அடங்கியது. அவர் காலிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். என்ன கேட்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். முன்னால் கேட்ட அதே அமைதிதான் கேட்டது. அவர் காதுக்கு அந்த அறை மாறவே இல்லை.

5

ஒரு பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இரண்டு நியூட்ரலைச் சேர்த்தது யார்? நான் கேட்டபோது, "அப்ப என்கூட ஒரு ஒயர்மேன் வேலை பார்த்தான் சார், அவசரக்காரன்" என்றார். எழுதிவிட்டேன். கொடுத்த வேலையை ஓடி ஓடி முடிக்கிற, வாயில் எப்போதும் டேப்பைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆள் என்று ஒரு பத்தி. அந்தப் பத்தி நிற்கவில்லை. அவனுக்கு மீசை வைத்துப் பார்த்தேன். எடுத்துப் பார்த்தேன். சண்டை போட்டு வேலையை விட்டுப் போனான் என்று ஒரு முடிவு கொடுத்தேன். எவ்வளவு சோறு போட்டாலும் உடம்பு ஒட்டாத ஆள் மாதிரி, கதைக்குள் வெளிறிப்போய் நின்றான். சொந்த வீட்டு ஒயரிங்கை ஒரு கான்ட்ராக்டர் அவசரக்காரனிடம் கொடுப்பாரா என்றும் உறுத்தியது. கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று கேட்கவில்லை.

6

அக்காவைப் பார்க்கப் போனார். மதியச் சாப்பாட்டு நேரம். ஒற்றை அறை, மூலையில் அடுப்பு, ஜன்னலில் காயும் புடவை. அக்கா இளைத்திருந்தாள். காதில் பழைய மெஷின் இல்லை. மகள் வாங்கி அனுப்பிய புதுசு, வெளியே தெரியாத அளவுக்குச் சின்னது. அதில் 'டி' கிடையாது. இப்போது மகளோடு வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிறாளாம், பேசுவது எழுத்தாகவும் திரையில் ஓடுமாம்.

"அக்கா, நீ சொன்னது சரிதான். அந்த ரூம்ல சத்தம் இருந்துச்சு. ஒயரிங்ல ஒரு தப்பு. மீட்டர் வச்சுப் பார்த்தேன். பிரிச்சுச் சரிபண்ணிட்டேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நெசமாவாடா?"

"நெசமாக்கா."

அடுப்பை அணைத்தாள்.

"எனக்கே சந்தேகம் வந்துருச்சுடா. கரண்டு வேலையில நீ எவ்வளவு பெரிய ஆளு. நீ இல்லைன்னு சொன்னா இல்லாமத்தானே இருக்கும்? இங்க வந்தப்புறம் இரைச்சல் இல்ல. அப்ப அது அங்க இருந்தப்ப என் மனசு பண்ணின வேலைதான்னு முடிவு பண்ணிட்டேன். டாக்டர்கிட்ட நானே போய், இல்லாத சத்தம் கேட்டுச்சுன்னு சொன்னேன். மாத்திரை குடுத்தாரு. பகலெல்லாம் தூக்கம். கடையில நாலஞ்சு லென்ஸ் ஓரம் உடைச்சுட்டேன். அப்புறம் தேய்க்கிற வேலையை வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. இப்ப முன்னால நின்னு ஃபிரேம் தொடைக்கிறேன்."

"மாத்திரையை நிறுத்திடுக்கா."

"டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்தணும். நீ சொன்னேன்னு நிறுத்த முடியுமா?" இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாளாம்.

"வீட்டுக்கு வாக்கா. அந்த ரூம் சும்மாதான் கெடக்கு."

"இஸ்திரி போட வச்சுக்கோங்க."

பிறகு அக்கா கேட்டாள்: "தப்பு பண்ணது யாருடா?"

"கூட வேலை பார்த்தவன்க்கா" என்றார்.

7

இந்தக் கடைசி வரியில் என் முதல் வரைவு முடிந்திருந்தது. ஊர், பேர் எதுவும் இல்லாமல் எழுதியிருக்கிறேன், ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று அவருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் சத்தமே இல்லை. பிறகு போன் வந்தது.

"சார், அந்த ஒயர்மேனைத் தூக்கிடுங்க."

"ஏன்?"

"அப்படி ஒருத்தன் இல்ல."

நான் ஐந்தாம் பகுதியைத் தேடிப் புரட்டினேன்.

"டேப் சுத்தினா நுனியை உள்ள மடிச்சு விடுவேன் சார், அப்புறம் பிரிக்க லேசா இருக்கட்டும்னு. வேற யாரும் அப்படிச் செய்யறதில்ல. பெட்டியைத் திறந்ததும் அந்த மடிப்பைத்தான் பார்த்தேன். என் கைதான். அன்னிக்கு இருட்டிருச்சு, ஒயர் பத்தல, நாளைக்குப் பிரிச்சுக்கலாம்னு கட்டினேன். அந்த நாளைக்கு வரவே இல்ல."

"அப்ப அக்கா கேட்டப்ப என்னதான் சொன்னீங்க?"

"உண்மையத்தான் சொன்னேன். என் கைதான்க்கா, மன்னிச்சுருன்னு சொன்னேன்."

"அவங்க?"

"சாப்பிட்டுட்டுப் போன்னாங்க."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"அவ காதைக் கழட்டியிருந்தா சார். புது மெஷின்ல சார்ஜ் எறங்கினா காதுக்குள்ள அதுவே மணியடிக்குமாம். கழட்டி அதோட சார்ஜ் பெட்டியில வச்சிருக்கா. திரும்பிப் பார்த்தப்பத்தான் தெரிஞ்சுது."

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுப்பாங்களே?"

"நான் சுவிட்சு போர்டைப் பார்த்துட்டு நின்னேன். மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியல."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அந்தப் பெட்டி மூடுறப்ப டக்குனு ஒரு சத்தம் வருமே. அது உங்களுக்குக் கேக்கலையா?"

சொன்னார்: "கேட்ட மாதிரியும் இருந்துச்சு சார்."

8

இனி முடிவு.

ஒன்று எழுதினேன்: அவர் மறுபடி போகிறார், அக்காவின் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார். அழகாக வந்தது. அவரிடம் படித்துக் காட்டியபோது, "போனேன் சார், வாசல் வரைக்கும் போனேன். செருப்பைக் கழட்டல" என்றார். அடித்துவிட்டேன்.

இன்னொன்று: அக்காவுக்கு எல்லாம் தெரியும். தம்பி முகம் சிவந்து நின்ற விதத்திலேயே புரிந்துகொண்டாள். அதனால்தான் மெஷினைக் கழற்றினாள், அவன் சொல்லி முடிக்கட்டும் என்று. எனக்கு இது மிகவும் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே நம்பிக்கை வரவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்குவதற்காக நான் கட்டிக்கொடுத்த முடிவு அது.

மூன்றாவதாக, கண்ணாடிக் கடையில் ஒருநாள் அக்கா மறுபடி லென்ஸ் தேய்க்கும் மேசையில் உட்கார்ந்து... இதுவும் வேண்டாம். இது என் ஆசை.

"நீங்க எழுதினபடி போட்டுடுங்க" என்றார் கடைசியில். "அந்த ஆளை மட்டும் தூக்கிட்டு, என்னைப் போட்டு. அக்கா நல்லாப் படிப்பா. கையில கெடைக்கிறதையெல்லாம் படிப்பா. படிக்கிறதுக்குக் காது எதுக்கு?"

ஆறாம் பகுதியின் கடைசி வரி பொய் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். விட்டுவிட்டேன். ஐந்தாம் பகுதியும் அப்படியே இருக்கிறது. இல்லாத ஒருவன்மேல் பழியைப் போட்டு இவர் எத்தனை நாள் ஓட்டினார் என்பதும் இந்தக் கதையில் நடந்ததுதான்.

இந்த மாதிரிக் கதைகளை வாசகரிடம் கொடுத்துவிட்டு எழுதுகிறவர் நழுவிவிடுவது உண்டு. நான் ஒரே ஒரு வாசகரிடம் கொடுக்கிறேன். மற்றவர்கள் மன்னிக்க வேண்டும்.

அம்மா, உங்கள் அறையில் சத்தம் இருந்தது. உங்களுக்குச் சரியாகத்தான் கேட்டது. அந்த இரண்டு கம்பிகளையும் சேர்த்துக் கட்டியது உங்கள் தம்பி. தப்பு செய்தது யார் என்று நீங்கள் கேட்டபோது அவர் பதில் சொன்னார், மன்னிப்பும் கேட்டார். அப்போது நீங்கள் காதைக் கழற்றியிருந்தீர்கள். சொல்லும்போதே அது அவருக்குத் தெரிந்திருந்ததா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரியவில்லை என்கிறார். அந்த அறையில் நான் இல்லை. நீங்கள் இருந்தீர்கள்.